இருபத்தைந்தும் அறுபதும்

விஜிலா மாடிப்படி ஏறி வந்தபோது ஜாய்சன் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். மாணவர் அந்த மாடி வீட்டுக்காரர் சிவனணைந்தபெருமாள். வயது ஐம்பத்தெட்டு, தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு சர்வேயர். கப்பலின் வெளிப்புறத்தில் எழுதியிருக்கும் எண்களில் கடல்நீர் எதைத் தொடுகிறது என்று பார்த்து, உள்ளே எத்தனை டன் நிலக்கரி இருக்கிறது என்று சொல்வது அவர் பிழைப்பு. காணாமல் போன சரக்கு, நனைந்த மூட்டை, பூட்டு உடையாமலே காலியான கண்டெய்னர் என்று எது வந்தாலும் கம்பெனிக்காரர்கள் அவரைத்தான் தேடுவார்கள். போலீசுக்குப் போக மனமில்லாத ஊர்க்காரர்களும் தேடுவார்கள். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

ஜாய்சன் அவருக்கு நேர்மாறு. முப்பது வயது, கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. சனி, ஞாயிறு வந்தால் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்னும் தொலைநோக்கியை முக்காலியோடு தோளில் போட்டுக்கொண்டு உப்பளத்துக்கும் கடற்கரைக்கும் பறவை பார்க்கக் கிளம்பிவிடுவான். அண்ணாச்சிக்கு ஒரு விவகாரம் வந்தால் முதல் ஆளாக வந்து நிற்பான். போகச் சொன்னாலும் போகமாட்டான்.

மேஜையில், ஸ்கோப்பில் கண் வைக்கும் இடத்தில் மாட்டும் ஐபீஸ்கள் இரண்டு இருந்தன. குட்டையாக இருந்தது பழையது, இருபத்தைந்து மடங்கு மட்டும் காட்டும். நீளமானது புதியது, திருகினால் இருபதிலிருந்து அறுபது வரை போகும். போன வாரம் புதன்கிழமை கூரியரில் வந்தது. ஆபீசுக்குப் பார்சல் வந்தால் மேனேஜர் முகத்தைச் சுளிப்பார் என்று ஜாய்சன் அதை அண்ணாச்சி முகவரிக்கு வரவழைத்திருந்தான். கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தவர் அவர்தான். வாங்கியதிலிருந்து அவருக்கும் ஒரு ஸ்கோப் ஆசை வந்துவிட்டது.

"பவர் கூடுனா நல்லதுன்னு எல்லாரும் நெனைக்காங்க, அண்ணாச்சி. அது தப்பு" என்றான் ஜாய்சன். "இருபத்தஞ்சுல பாத்தா பரப்பு பெருசு, கூட்டமே கண்ணுக்குள்ள நிக்கும். அறுபதுல பாத்தா ஒத்தப் பறவைதான். பக்கத்துல நிக்கது தெரியாது. வெளிச்சமும் கொறஞ்சு போகும். பத்து மணிக்கு மேல வெக்க கெளம்பிருச்சுன்னா படமே கொதிக்கும், உள்ளான் குருவிக்கும் உப்புக் குவியலுக்கும் வித்தியாசம் தெரியாது."

"அப்போ நம்பர் படிக்கணும்னா?"

"விடியக்காலைல அறுபது. மத்த நேரம் நம்பரை மறந்துட்டு இருபத்தஞ்சு."

அந்த நேரத்தில்தான் விஜிலா உள்ளே வந்தாள். தலையில் முக்காடு, கையில் பிளாஸ்டிக் உறை. மீன்பிடி வள்ளம் வைத்திருக்கும் ரெக்சனின் மனைவி. ஜாய்சனைப் பார்த்ததும், "கிளாடிஸ் தம்பியா? நீயும் இங்கனதான் இருக்கியா" என்றாள். கிளாடிஸ் அவன் அக்கா. வடக்கே அடுத்த கடற்கரை ஊரில் வாழ்க்கைப்பட்டவள்.

ஜாய்சன் எழுந்து அவளுக்கு நாற்காலியைக் கொடுத்தான். அவள் முகத்தை அவனால் நேராகப் பார்க்க முடியவில்லை.

"அவுகள உள்ள வச்சு பன்னெண்டு நாளாச்சு, அண்ணாச்சி" என்றாள். "அள்ளக் கூடாத கடல் அட்டைய அள்ளுனாவன்னு கேஸ். தடை செஞ்ச திட்டுக்குப் போனாவன்னு கேஸ். யாரோ கரைல நின்னு பாத்தாவளாம். வீட்டுல, வள்ளத்துல எல்லாம் தேடியும் ஒரு அட்டைகூட கெடைக்கல. அன்னைக்கு அவுக தெக்க சாளை மீன் வலைக்குல்லா போயிருந்தாவ. கூடப் போனது என் தம்பி. மச்சான் சாட்சி செல்லாதுன்னுட்டாவ."

"வள்ளம் எங்க?"

"ரேஞ்சர் ஆபீஸ் வளாகத்துல வெயில்ல கெடக்கு. புதுசா பெயிண்ட் அடிச்சு ஒரு மாசம்தான் ஆகுது. திங்கக்கிழம ஜாமீன் மனு வருது. அதையும் தள்ளிட்டா என்ன செய்யணும்னே தெரியல. சின்னவன் தெனமும் வாசல்ல உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்கான்."

வக்கீல் மூலமாக வாங்கிய புகார் நகலை அவள் எடுத்துக் கொடுத்தாள். கொடுத்தவர் பெயர் இருக்கும் இடத்தில் கறுப்பு மை தடவியிருந்தது. பெருமாள் அதை நிதானமாக உரக்க வாசித்தார்.

"ஜனவரி பதினேழாம் தேதி சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்குக் கரையில் நின்று, அறுபது மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்த்தேன். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியுள்ள மணல் திட்டின் ஓரம் ஒரு வள்ளத்தில் இருவர் கடல் அட்டை மூட்டைகளை ஏற்றினர். அதே பார்வையில், நூற்றைம்பது அடி தள்ளி இன்னொரு வள்ளம் காவலுக்கு நின்று கை காட்டியதையும் கண்டேன். முதல் வள்ளத்தின் எண் 2386."

வாசித்து முடித்துவிட்டு அவர் தாளை மடித்தார். மேஜை மேல் இருந்த இரண்டு ஐபீஸ்களையும் ஒரு முறை பார்த்தார். ஜாய்சனைப் பார்க்கவில்லை.

கறுப்பு மைக்கு அடியில் இருந்த பெயர் ஜாய்சனுடையதுதான். அன்றைக்குத் திட்டில் ஆலாப் பறவைக் கூட்டம் இறங்கியிருந்தது. எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒரு வள்ளம் வந்து அத்தனையையும் கிளப்பிவிட்டது. பார்த்த மாத்திரத்தில் ரெக்சன் வள்ளம் என்று தெரிந்தது. கோபத்தோடு நேரே வன அலுவலகம் போய் எழுதிக் கொடுத்தான். எழுதும்போது ஓர் இடத்தில் பேனா தயங்கியது உண்மை. ஆனால் ரெக்சன் தப்பு செய்தவன், பிடிபட்டான், அதில் தன் மேல் என்ன குற்றம் என்று பன்னிரண்டு நாளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். விஜிலா எதிரில் உட்கார்ந்த பிறகு அந்தச் சமாதானம் நிற்கவில்லை.

"வள்ளத்தப் பாத்துட்டு வருவோம்" என்றார் பெருமாள். "ஏலே ஜாய்சன், ஸ்கோப்பை எடுத்துக்க. இந்த ரெண்டையும் நான் வச்சுக்கிடுதேன்." ஐபீஸ்களைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வன அலுவலகத்தின் பின்புறம் உடைமர நிழல்கூட இல்லாத மணலில் வள்ளம் சாய்ந்து கிடந்தது. ரேஞ்சர் பேச்சிமுத்து வெளியே வந்தார். ஜாய்சனைக் கண்டதும் அவர் புருவம் ஒரு கணம் உயர்ந்தது. ஜாய்சன் கண்ணால் கெஞ்சினான். புகார் கொடுத்தவரைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. அவர் தெரியாத ஆளைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்புறம்தான் ஜாய்சன் வள்ளத்தைப் பார்த்தான். வெள்ளை உடம்பு. விளிம்பில் நீலப் பட்டை.

அவன் பதினேழாம் தேதி பார்த்தது மஞ்சள் வள்ளம், சிவப்புப் பட்டை.

ஸ்கோப்பை இறக்கி வைத்துவிட்டு முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெருமாள் அவனைக் கவனித்துவிட்டு வள்ளத்தைச் சுற்றி வந்தார். எண் எழுதியிருந்த இடத்தில் தன் விரல்களை வைத்துப் பார்த்தார். எழுத்தின் உயரம் நாலு விரல்தான் இருந்தது.

"இந்தப் பெயிண்ட் எப்போ அடிச்சது, தாயி?"

"கிறிஸ்துமஸுக்கு முந்தி. மூத்தவனுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரில கெடந்தப்போ, சொகமாயிட்டா மாதா கலருக்கு மாத்துதோம்னு நேர்ந்துக்கிட்டோம். முன்ன மஞ்சளு. அவுக அப்பா காலத்துலருந்தே மஞ்சளு." விஜிலா தன் போனைத் திறந்து ஒரு படம் காட்டினாள். புத்தாண்டுப் பூசை முடிந்து பங்குச்சாமியார் வள்ளத்தின் மேல் தீர்த்தம் தெளிக்கிறார். வள்ளம் வெள்ளையும் நீலமுமாகப் பளபளக்கிறது. படத்தின் மேல் தேதியும் இருந்தது, ஜனவரி ஒன்று.

"மாத்துததுக்கு முந்தியே மஞ்சப் பெயிண்டும் செவப்பும் வாங்கி வச்சிருந்தோம்" என்று அவளே தொடர்ந்தாள். "வீணாப் போவுதேன்னு ஜெஸ்டின் அண்ணன் கேட்டு வாங்கிட்டுப் போனாவ."

ஜெஸ்டின் கிளாடிஸின் புருஷன். ஜாய்சனின் மச்சான்.

ஜாய்சன் செய்த காரியம் இப்போது முழுதாகக் கண் முன்னால் நின்றது. அவன் கண்ணில் பட்டது சொந்த மச்சானின் வள்ளம். கை காட்டி உள்ளே தள்ளியதோ ஒரு பாவமும் அறியாதவனை. சின்னவன் வாசலில் உட்கார்ந்திருக்கிறான் என்று அவள் சொன்னது திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டான். இப்படி ஒரு கோழையா நான் என்று அவனுக்கே தன்னைக் கண்டு அருவருப்பாக இருந்தது.

"ரேஞ்சர் சார், புகார்ல வள்ளத்தோட கலர் இல்லையே?" என்று கேட்டார் பெருமாள்.

"நம்பரே இருக்கும்போது கலர் எதுக்கு, அண்ணாச்சி?"

"அதுவும் சரிதான். மணி பதினொண்ணாகப் போகுது. உங்க ரோந்துப் படகையும் இன்னொரு வள்ளத்தையும் அந்தத் திட்டு ஓரமா அனுப்பி நிறுத்த முடியுமா? ரெண்டுக்கும் நடுவுல நூத்தம்பது அடி இருக்கட்டும்."

பேச்சிமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பெருமாள் கேட்டால் காரணம் இருக்கும் என்று அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். வயர்லெஸ்ஸில் சொல்லி அனுப்பினார்.

பதினொன்றரை மணிக்கு நாலு பேரும் கரையில் நின்றார்கள். கடல் தட்டையாகக் கிடந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. தூரத்தில் திட்டின் ஓரம் இரண்டு படகுகளும் இரண்டு புள்ளிகளாக நின்றன. பெருமாள் நீளமான ஐபீஸை எடுத்துக் கொடுத்து, "மாட்டு. அறுபதுல வையி" என்றார். ஜாய்சன் மாட்டினான். அறுபது வரை திருகினான்.

"ரேஞ்சர் சார், நீங்க பாருங்க. எத்தனை வள்ளம் தெரியுது?"

பேச்சிமுத்து குனிந்தார். கொஞ்ச நேரம் ஸ்கோப்பை அங்குமிங்கும் நகர்த்தித் தேடினார். "ஒண்ணுதான் தெரியுது. இன்னொண்ணு வேணும்னா ஸ்கோப்பைத் திருப்ப வேண்டியிருக்கு."

"நம்பர்?"

"எங்க நம்பரு? கொதிக்கிற தண்ணிக்குள்ள பாத்த மாதிரி எல்லாம் ஆடுது."

"இப்போ குட்டையை மாட்டு, ஜாய்சன்."

இருபத்தைந்தில் இரண்டு படகுகளும் ஒரே வட்டத்துக்குள் நின்றன. ரோந்துப் படகின் பச்சை நிறமும் ஆட்கள் அசைவதும் தெரிந்தன. எண் இருந்த இடம் ஒரு கறுப்புக் கீற்று, அவ்வளவுதான். பேச்சிமுத்து பார்த்தார். விஜிலாவும் பார்த்தாள். அவள் வெகு நேரம் கண்ணை எடுக்கவில்லை.

"கப்பல் மேல உள்ள நம்பரைப் படிச்சே எனக்கு முப்பது வருசம் ஓடிப்போச்சு" என்று பெருமாள் ஆரம்பித்தார். "புகார்க்காரர் ரெண்டு விஷயம் சொல்லுதாரு. ரெண்டு வள்ளத்தையும் ஒரே பார்வையில பாத்தேங்காரு. நம்பரையும் படிச்சேங்காரு. அறுபது வச்சிருந்தா ரெண்டு வள்ளம் ஒண்ணாத் தெரியாது. ரெண்டும் தெரியணும்னா கம்மி பவர் வச்சிருக்கணும், அதுல நாலு விரல் எழுத்தைப் படிக்க முடியாது. அறுபதே வச்சிருந்தாலும் இந்த வெக்கைல முடியாதுன்னு நீங்களே பாத்துட்டீங்க. அப்போ இதுல ஒண்ணு பொய்."

"எது பொய்?" என்றார் பேச்சிமுத்து.

"மூட்டை ஏத்துனது, காவல் நின்னது, கை காட்டுனது எல்லாம் கண்ணால பாத்தவன் எழுத்து. அதுல கற்பனை இல்ல. நம்பர்தான் பொய். ஆனா வாய்க்கு வந்த நம்பர் இல்ல, நெசமாவே ரெக்சன் வள்ளத்து நம்பர். அப்போ அது மனசுல இருந்த நம்பர். வெளியூர்க்காரன் பாத்திருந்தா மொதல்ல கலரைச் சொல்லியிருப்பான். அவனுக்கு வேற அடையாளம் கெடையாது. கரைக்காரனுக்குக் கலர்னா அது ஆள் பேரு மாதிரி. தூரத்துல மஞ்சளைப் பாத்தா 'ரெக்சன் வாரான்'னுதான் சொல்லுவான், மஞ்சள் வள்ளம் வருதுன்னு சொல்ல மாட்டான். இவனும் கலரைப் பாத்தான், ரெக்சன்னு முடிவு பண்ணினான். ஆபீசுல நம்பர் கேட்டாங்க, தெரிஞ்ச நம்பரை எழுதிட்டான். ரெக்சன் கலரை மாத்துனது அவனுக்குத் தெரியாது. அதனால அன்னைக்குத் திட்டுல நின்னது ரெக்சன் வள்ளம் இல்ல."

விஜிலா முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

"யாரு அவன்?" என்று கேட்டாள் கடைசியில்.

"அதை நான் சொல்லப்படாது, தாயி." பெருமாள் கடலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "இந்த ஊர்ல ஸ்கோப் வச்சிருக்கவன் எத்தன பேரு? அறுபதுன்னு எழுதுனவன் கையில பதினேழாம் தேதி அறுபது கெடையாது. அந்த ஐபீஸ் இருபத்தொண்ணாம் தேதிதான் கூரியர்ல வந்துச்சு. கையெழுத்துப் போட்டு வாங்கினவன் நான். புகாரை வாசிச்ச ஒடனே எனக்குத் தெரியும். அவனே சொல்லட்டும்னுதான் காலைலருந்து காத்துக்கிட்டு இருக்கேன்."

ஜாய்சன் முக்காலியை விட்டுவிட்டு முன்னால் வந்தான்.

"நான்தான்க்கா" என்றான். "போன வருசம் அண்ணனுக்கு மண்ணெண்ணெய் மானியப் படிவம் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். அந்த நம்பர் மனசுல நின்னுச்சு. ரேஞ்சர் ஆபீசுல கேட்டாங்க, அவ்வளவு தூரத்துல நம்பர் தெரியுமான்னு. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அறுபதுக்குப் பணம் கட்டியாச்சுன்னு அதையே சொல்லிட்டேன். பொய்தான் சொன்னேன்க்கா. உங்க முன்னால உக்காந்தும் வாயத் தொறக்கல."

விஜிலா அவனைப் பார்த்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவன் காத்திருந்தான். ஏதாவது செய்தால் தேவலை என்றிருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள்.

பேச்சிமுத்து அங்கேயே ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை விரித்து வாக்குமூலம் எழுதினார். "எண்ணைப் படிக்கவில்லை. இருபத்தைந்து மடங்கில்தான் பார்த்தேன். மஞ்சள் வள்ளம், சிவப்புப் பட்டை" என்று ஜாய்சன் சொல்லச் சொல்ல எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து, "மஞ்சள் வள்ளம் யாருதுன்னு தெரியுமா?" என்றார்.

இந்த முறை மறைக்கக் கூடாது, அக்கா வாழ்க்கை போனாலும் சரி, சொல்லித் தொலைத்துவிட வேண்டும் என்று ஜாய்சனுக்கு வைராக்கியம் வந்தது. "சார், அது எங்க" என்று தொடங்கினான்.

பெருமாள் அவன் தோளில் கை வைத்தார். "நீ பாத்தியா?"

"என்ன அண்ணாச்சி?"

"அந்த ஆளை நீ முகம் பாத்தியா? நம்பர் பாத்தியா? அன்னைக்கும் கலரைப் பாத்துத்தான் ஆளு பேரைச் சொன்ன. இன்னைக்கும் அதையே செய்யப் போறியா?"

ஜாய்சன் ஜீப் மேல் விரித்திருந்த தாளைப் பார்த்தான்.

"பாத்ததை மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போடு. மிச்சத்தை ரேஞ்சர் சார் கண்டுபிடிக்கட்டும். அது அவர் வேலை" என்றார் பெருமாள். வள்ளத்தடியில் விஜிலா பெயிண்டைப் பற்றிச் சொன்னபோது பேச்சிமுத்துவும் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஜாய்சன் கையெழுத்துப் போட்டான். மனப்பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தான். இறங்கவில்லை.

மறுநாள் ஞாயிறு, யாரும் கடலுக்குப் போகாத நாள். ஜெஸ்டின் வீட்டுக் கொல்லையில் காயப்போட்டிருந்த கடல் அட்டைகளோடு அவனைப் பிடித்து, அன்று மாலையே ஜெயிலில் அடைத்தார்கள். கிளாடிஸ் தம்பிக்குப் போன் செய்யவில்லை. அவனும் செய்யவில்லை. என்ன சொல்லிச் செய்வது என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு ஞாயிறு முழுவதும் கட்டிலில் கிடந்தான். திங்கட்கிழமை ரெக்சனுக்கு ஜாமீன் கிடைத்தது.

"நாளைக்கு ஜெயில் வாசலுக்கு நீ வரணும்" என்று விஜிலா ஆள் விட்டுச் சொல்லியிருந்தாள். "நான் அவுககிட்ட ஒண்ணும் சொல்லல. நீயே சொல்லு."

செவ்வாய்க்கிழமை காலை ரெக்சன் வெளியே வந்தான். தாடி வளர்ந்து, சட்டை தொளதொளத்திருந்தது. விஜிலாவின் தலையைத் தொட்டான். பிறகு ஜாய்சனைப் பார்த்ததும் நேரே வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"பெருமாள் அண்ணாச்சியும் நீயும் சேந்துதான் கண்டுபிடிச்சியளாமே. வக்கீல் சொன்னாரு. எனக்காக ரொம்ப அலைஞ்சிட்டே, தம்பி."

அந்தக் கைகளின் சூடு ஜாய்சனால் தாங்க முடியாததாக இருந்தது.

"அண்ணே, அந்தப் புகார் எழுதுனதே நான்தான். நம்பரை நான் பாக்கவே இல்ல. பொய்யா எழுதுனேன்."

ரெக்சன் விஜிலாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையை அசைத்தாள். அவன் பிடி மெல்லத் தளர்ந்தது. கைகள் இரண்டும் கீழே இறங்கின. எதிர்ப்புறத்து டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஜெஸ்டின் ஞாயித்துக்கிழம சாயங்காலம் உள்ள வந்தான்" என்றான். "என் மொகத்தப் பாக்காம செவுத்தப் பாத்து உக்காந்துட்டான். நேத்துதான் வாயத் தொறந்தான். உன் அக்கா இன்னும் மனுப் போட்டு அவனப் பாக்க வரலையாமே. நீ அங்க போனியா?"

"இல்லண்ணே. எந்த மொகத்தோட போவேன்?"

"இந்த மொகத்தோடதான் போகணும். வேற எது இருக்கு?" ரெக்சன் குரலில் கோபம் இருந்தது, அதை அவன் ஒளிக்கவும் இல்லை. "எங்க எழுதிக் கொடுக்கணும், எந்த சன்னல்ல நிக்கணும், ஒண்ணும் அவளுக்குத் தெரியாது. விஜிலா ரெண்டு வாரமா நின்னு படிச்சவ. ஏளா விஜிலா, இவன் கூடப் போயி கிளாடிஸைக் கூட்டிட்டு வா. பதினோரு மணியோட மனு வாங்குறத நிறுத்திருவான்."

விஜிலா பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். ஜாய்சன் அவளுக்குப் பின்னால் நடந்தான். பஸ் வந்ததும் அவள் முன்னால் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். ஜாய்சன் அருகில் வந்ததும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.